மீன்தூள் இல்லாத தீவனத்தில் குஞ்சுகள் ஏன் தேறவில்லை?

செல்வி: 1940களில் அமெரிக்காவில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மட்டும் தின்ற கோழிக்குஞ்சுகள் சரியாக வளரவில்லையாம். கொஞ்சம் மீன்தூள் கலந்ததும் தேறிவிட்டனவாம். மீனில் அப்படி என்னதான் இருந்தது?

ரகு: அப்போது அதை 'விலங்குப் புரதக் காரணி' என்றார்கள். உண்மையில் புரதமே இல்லை, வைட்டமின் பி12. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் மாட்டுச் சாணத்திலும் அந்தச் சத்து இருப்பதைக் கண்டார்கள். காய்ந்த சாணத்தைத் தீவனத்தில் கலந்தால் குஞ்சுகள் கிடுகிடுவென வளர்ந்தன. குப்பையைக் கிளறும் கோழிக்கு அது தானாகவே கிடைத்துவிடும், கம்பிவலை மேல் நிற்பதற்கு ஏது? 1948இல் மெர்க் நிறுவனம் பி12ஐச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தது.

செல்வி: சாணியா! சரி, அத்தோடு கதை முடிந்ததா?

அன்வர்: எங்கே முடிந்தது? லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இரு ஆய்வாளர்கள் மலிவான பி12 தேடினார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். வெறும் பி12 தின்றவற்றைவிட இவை கூடுதலாக வளர்ந்தன! கசடில் தங்கியிருந்த ஆன்டிபயாடிக்தான் காரணம். 1950இல் செய்தி வெளியானது, தீவனக் கம்பெனிகள் சும்மா விடுமா? வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுதாக நிறுத்தியதே 2006இல்தான்.