நாகேஷ் படவிழா: மூன்று நாள், ஐந்து படம். எதை எடுப்பது, எப்படி ஓட்டுவது?

ரீல்பெட்டி கேட்டது:
எங்கள் திரைப்படச் சங்கம் 150 இருக்கைத் தியேட்டர் ஒன்றில் நாகேஷுக்கு மூன்று நாள் விழா எடுக்கிறது. வெள்ளி மாலை ஒரு படம், சனி, ஞாயிறு இரண்டிரண்டு. எந்தப் படங்கள், எந்த வரிசை? கையில் இருப்பதெல்லாம் டி.வி.டி.யும் டி.வி. பிரதிகளும்தான். பெரிய திரை தாங்குமா? 1960களின் படங்களுக்கு இன்னும் யாரிடமாவது உரிமை வாங்க வேண்டுமா?

ஒற்றைத்திரை:
முதல் நாள் கலகலப்பாகத் தொடங்கட்டும்: காதலிக்க நேரமில்லை (1964). சனிக்கிழமை சர்வர் சுந்தரம் (1964), நீர்க்குமிழி (1965). ஞாயிறு காலை எதிர்நீச்சல் (1968), மாலை நம்மவர் (1994). தேசிய விருது அவருக்கு வந்தது நம்மவர் படத்துக்குத்தான். மகளை இழந்த தகப்பனாக அவரைப் பார்த்துவிட்டு உடனே இன்னொரு படத்தில் சிரிக்க முடியாது. அதனால் அதுதான் கடைசி.

தயவுசெய்து காமெடிக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டித் தொகுப்பாகப் போட்டுவிடாதீர்கள். காதலிக்க நேரமில்லையில் நாகேஷின் செல்லப்பா, அப்பாவாக வரும் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் காட்சியில் பாதி வேலை பாலையாவின் முகத்தில் நடக்கிறது. சினிமா எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன், அதை மதிக்காத அப்பா என்பதை முன்பே பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் இரட்டிப்பாகச் சிரிப்பு மூட்டும். தனியாக வெட்டினால் வெறும் மிமிக்ரி போலத் தெரியும்.

புரொஜெக்டர்அறை:
படத்தேர்வு சரி. பிரதியில் கோட்டை விடாதீர்கள் சார்.

இந்த 60களின் படங்கள் 1.37:1 (அகலம்:உயரம்) விகிதம், கிட்டத்தட்டச் சதுரம். தியேட்டர் ஆபரேட்டர் "திரை நிறையவில்லை" என்று அகலத்துக்கு இழுத்து நிரப்புவார். 1.85 திரையில் அப்படி நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். மற்ற நடிகர்களுக்குப் போனால் நெற்றியோ முழங்காலோ போகும். நாகேஷுக்கு நடிப்பே போகும். சர்வர் சுந்தரத்தில் டம்ளர்களை உயர அடுக்கித் தூக்கி நடப்பாரே, அங்கே அடுக்கின் உச்சியும் அவர் கால் வைக்கும் விதமும் ஒரே ஷாட்டில் தெரிந்தால்தான் அது வித்தை. டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) செய்யும்போது 1998×1080 சட்டத்துக்குள் 1480×1080 அளவில் படத்தை வைக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் கருப்பு விழும், விழட்டும்.

அடுத்தது வேகம். டி.வி.க்கு மாற்றிய பிரதிகள் பல, நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓடும். சினிமா 24. 160 நிமிடப் படம் 153½ நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றுக் கீச்சென்று ஏறும். ஏற்கனவே படபடவென்று பேசுகிறவர், அவரை மேலும் விரட்டினால் வசனம் பிடிபடாது. 24-க்கு இறக்கும்போது ஒலியையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும். படத்தை மட்டும் இறக்கினால் போகப்போக உதடு விலகும்.

ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடம். நடு ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்புங்கள். இடது வலதில் போட்டால் ஓர இருக்கையில் இருப்பவருக்கு வசனம் சுவரிலிருந்து வரும். காதலிக்க நேரமில்லை ஈஸ்ட்மென் கலர் படம்; சாயம் மங்கிய பிரதியாக இருந்தால் எல்லாம் செம்மை ஏறியிருக்கும். இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்டு முகநிறம் இயல்பாக உள்ளதை எடுங்கள்.

பூட்டிய டி.சி.பி. வந்தால் கே.டி.எம். (அந்தப் பூட்டின் டிஜிட்டல் சாவி) திறக்கும் நேரத்தை முந்தின நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். காட்சி நேரத்துக்கு மட்டும் வாங்கினால் ஒத்திகை பார்க்க முடியாது.

உரிமைக்கோப்பு:
1957 காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1964 படங்களுக்கு 2024 டிசம்பரோடும், 1965 படங்களுக்கு 2025 டிசம்பரோடும் முடிகிறது. எதிர்நீச்சலுக்கு 2028 இறுதிவரை உண்டு. நம்மவர் படத்துக்கு இன்னும் நெடுங்காலம்.

ஆனால் கதை, பாடல் வரி, இசை ஆகியவற்றுக்கு எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு என்று தனிக் கணக்கு. அதனால் பழைய படமானாலும் நெகட்டிவ் ரைட்ஸ் (மூலப் படச்சுருளின் உரிமை) வைத்திருப்பவரிடம் கடிதம் வாங்கிவிடுவதே நல்லது. படத்தின் பெயர், தேதி, அரங்கம், எத்தனை காட்சி, டிக்கெட் உண்டா இல்லையா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி போஸ்டர் அடிக்காதீர்கள். உரிமை பல கை மாறியிருக்கும், உங்களிடம் பேசியவரிடம் டி.வி. உரிமை மட்டும் இருக்கலாம்.

ரீல்பெட்டி:
மிக்க நன்றி. தருமி இல்லாமல் நாகேஷ் விழாவா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். திருவிளையாடல் (1965) முழுவதும் போட நேரம் இல்லை.

ஒற்றைத்திரை:
அதற்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். அந்தப் படமே தனித்தனித் திருவிளையாடல்களாகக் கட்டப்பட்டது. பாண்டியன் சந்தேகத்தில் தொடங்கி நக்கீரர் பகுதி முடியும்வரை சேர்த்துப் போடுங்கள், தருமி புலம்பும் இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சபையில் அவர் கூனிக்குறுகி நிற்பதையும் பார்த்தால்தான் அந்தப் புலவனின் பசி புரியும். சனிக்கிழமை நீர்க்குமிழிக்கு முன்னால் வைக்கலாம்.