சன்னல் வெளிச்சத்தில் முகப்படம்: நிழலைச் சீராக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டியின் முகத்தைச் சன்னலோர வெளிச்சத்தில் படமெடுத்துப் பழகி வருகிறேன். வெயில் நேராக விழும் சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டியதும், மூக்கோரத்தில் கத்தியால் கீறியது போல் விழுந்த நிழலின் விளிம்பு கரைந்து, கன்னச் சுருக்கங்கள் இதமாகத் தெரிந்தன. அதைக் கண்டதிலிருந்து ஃபிளாஷைத் தொட மனம் வரவில்லை.

சிக்கல் இதுதான். முகத்திலிருந்து பார்க்கையில் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழல் மென்மையாகும் என்பதால், பாட்டியைத் திரைக்கு அரை மீட்டர் அருகில் உட்கார வைத்தால், சன்னல் பக்கக் கன்னம் வெளிறி, மறுபக்கக் கண் இருட்டில் அமிழ்ந்துவிடுகிறது. 2 மீட்டர் தள்ளி உட்கார வைத்தாலோ நிழல் மறுபடி கெட்டிப்படுகிறது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) 1600 வரை உயர்த்த வேண்டியிருப்பதால் படத்தில் புள்ளிகளும் தெரிகின்றன. துணியை இரண்டாக மடித்தும் பார்த்தேன். வெளிச்சம் குறைந்ததே தவிர வேறு பலனில்லை.

மறுபக்கம் வெள்ளை அட்டையைப் பிடித்தபோது கண் துலங்கியது. ஆனால் முகம் தட்டையாகி, கருவிழியில் இரண்டாவதாக ஓர் ஒளிப்புள்ளி வந்துவிட்டது. அட்டையை எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது? அல்லது முகத்தைச் சன்னல் பக்கம் சற்றுத் திருப்பினாலே போதுமா? செய்து பார்த்தவர்கள், இயன்றால் படத்துடன், விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.