கருநிற வைசருடன் இரவில் வண்டி ஓட்டலாமா? சட்டம் எங்கே நிற்கிறது?

கேள்வி (மாலைப்பயணி):

வணக்கம். என் முழுமுகத் தலைக்கவசத்தில் அடர்ந்த ஸ்மோக் வைசரை, அதாவது முகத்துக்கு முன் இறக்கும் கருநிறத் தடுப்பை, பொருத்தியிருக்கிறேன். பகலில் வெயிலுக்கு மிக வசதியாக இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. விளக்கில்லாத சாலைகளில் பள்ளங்களும், விளக்கு எரியாமல் நிற்கும் வண்டிகளும் மிக அருகில் வந்த பிறகே கண்ணில் படுகின்றன. அதே சமயம் எதிரே வரும் வாகனங்களின் எல்இடி விளக்குகள் இந்த வைசர் வழியே சற்றுக் குறைவாகக் கூசுவது போலவும் தோன்றுகிறது. வைசரின் ஓரத்தில் பகலில் மட்டும் பயன்படுத்தவும் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அது வெறும் அறிவுரையா, மீறினால் சட்டப்படி குற்றமா? கார் கண்ணாடிக்கு 70 சதவீத விதி இருப்பதாகச் சொல்கிறார்களே, அது தலைக்கவசத்துக்கும் பொருந்துமா?

பதில் 1 (விதிநூல்):

அந்த வாசகம் உற்பத்தியாளர் தாமாகச் சேர்த்த அறிவுரை அன்று. தலைக்கவசங்களுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் 22ஆம் ஒழுங்குவிதியின் 05 திருத்தத் தொடர், அதாவது பலரும் 22.05 என்று குறிப்பிடுவது, வைசர் தன் மீது விழும் ஒளியில் குறைந்தது 80 சதவீதத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. 50 முதல் 80 சதவீதம் வரை ஒளியை விடும் வைசருக்கும் அனுமதி உண்டு. ஆனால் அது பகலுக்கு மட்டுமே உரியது என்பதைக் குறியீட்டாலோ வாசகத்தாலோ அதன் மீதே காட்டியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் வைசர் பெற்றிருக்கும் சான்றே பகல் பயன்பாட்டுக்கு உட்பட்டது.

அந்த நிபந்தனையை மீறுவது குற்றமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 50 சதவீதத்துக்கும் குறைவாக ஒளியை விடும் வைசரைச் சாலையில், பகலிலும்கூட, பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தரநிலைக்கு உட்பட்ட தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. வைசரின் நிறம் பற்றி அந்தப் பிரிவு எதுவும் கூறவில்லை. நீங்கள் கேள்விப்பட்ட 70 சதவீதம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதியில் இருப்பது: முன், பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கக் கண்ணாடிகளுக்கு 50. உச்ச நீதிமன்றம் 2012இல் கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடை செய்ததும் இந்த விதியை ஒட்டித்தான். அது வாகனக் கண்ணாடிக்கான விதி. தலைக்கவசத்தின் மீது அதை ஏற்றிப் பேசுவது தவறு. எனினும் நேரடி விதி இல்லாத இடத்திலும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் பார்வையை மறைக்கும் பொருளை அணிந்திருந்தார் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்பலாம்; வைசர் மீதுள்ள வாசகம் அப்போது உங்களுக்கு உதவாது.

பதில் 2 (ஒளியியல்):

சட்டத்தைப் பற்றி மேலே உள்ள பதில் போதும். கூச்சம் குறைகிறது என்ற பகுதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பலரை இரவிலும் கருநிற வைசரை விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுவே.

கண் கூசும்போது, விளக்கின் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மீதும் மெல்லிய வெண்திரையைப் போர்த்துகிறது. கருநிற வைசர் அந்த விளக்கின் ஒளியைப் பாதியாக்கினால், விளக்குக்குப் பக்கத்தில் நடந்து வருபவரின் மீது பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியையும் அதே அளவு பாதியாக்குகிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறுவதில்லை. ஆனால் வெளிச்சம் குறையக் குறைய, சிறிய வேறுபாடுகளைப் பிரித்தறியும் கண்ணின் திறனும் குறைகிறது. விளக்கு குறைவாக உறுத்துவதால் நிம்மதி கிடைக்கிறது. நடந்து வருபவரோ கண்ணின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறோம் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

மஞ்சள் வைசரும் இதற்குத் தீர்வாகாது. அதுவும் ஒளியின் ஒரு பகுதியை வெட்டுகிறது, காட்சி பளிச்சென்று இருப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் தோற்றம் மட்டுமே.

மாலைப்பயணி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு வைசர்களைச் சுமந்து செல்வதைத் தவிர வேறு வழியே இல்லையா? உள்ளே இறக்கும் கருநிறச் சூரியத் தடுப்புள்ள தலைக்கவசம், வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் வைசர் ஆகியவற்றில் எது மேல்? தெளிந்த வைசர் அணிந்தாலும் கூச்சம் நீடித்தால் என்ன செய்வது?

பதில் 3 (பழையசாவி):

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தெளிந்த வைசரிலும் கூச்சம் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நுண்கீறல்களை. வைசரைக் கையில் பிடித்து அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிக் கதிர்கள் பிரிந்தோ, புகைமூட்டம் போலவோ தெரிந்தால் அந்த வைசரை மாற்றுவதுதான் வழி. உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே இந்தக் கீறல்களுக்கு முக்கியக் காரணம். ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு அழுக்கை ஊறவிட்டு, பிறகு மென்மையாக வழித்தெடுக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் போன்றவை வைசர் செய்யப்படும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழச் செய்யும். வைசர் புதிதாக இருந்தும் கூச்சம் தொடர்ந்தால், கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கண்புரையின் தொடக்கமும் இப்படித் தோன்றலாம்.

நிறம் மாறும் வைசர் புற ஊதா ஒளிக்கு வினைபுரிவது. வெயிலில் கறுக்கும், இருட்டில் தெளியும். ஆனால் உடனே தெளியாது, குளிரில் இன்னும் தாமதமாகும். பகலில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது அந்தத் தாமதம் பெரிது. (நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கவனிக்க: மூடிய வைசரே புற ஊதா ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், அது தலைக்கவசத்துக்குள் அநேகமாகக் கறுக்காது.)

என் தேர்வு தெளிந்த வெளி வைசரும் உள் சூரியத் தடுப்பும் கொண்ட தலைக்கவசம்தான், ஏனெனில் ஒரு விரல் அசைவில் கருமை விலகிவிடுகிறது. உங்கள் ஸ்மோக் வைசரையே வைத்துக்கொண்டு குளிர்கண்ணாடியும் அணிவதை மட்டும் அறவே விடுங்கள். பாதி ஒளியை விடும் வைசருக்குப் பின்னால் கால் பங்கு ஒளியை விடும் கண்ணாடி இருந்தால், கண்ணுக்கு வந்து சேர்வது எட்டில் ஒரு பங்கு; மேகம் மூடிய பகலுக்கே அது போதாது. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். பூச்சியும் மணலும் கண்ணில் விழுந்தால் இரு கண்ணும் ஒன்றாகவே மூடிக்கொள்ளும்.

மாலைப்பயணி:

தெருவிளக்குச் சோதனையைத் தெளிந்த பழைய வைசரில் செய்து பார்த்தேன். கதிர்கள் நன்றாகவே பிரிகின்றன. அதே தலைக்கவச மாதிரிக்குப் புதிய தெளிந்த வைசர் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் "50 சதவீத ஸ்மோக்" ஒன்றும் காட்டினார். அது உள்ளே விடும் அளவா, தடுக்கும் அளவா?

பதில் 1 (விதிநூல்):

விற்பனையில் இரு பொருளிலும் சொல்கிறார்கள். ஆகவே அந்த எண்ணை நம்ப வேண்டாம். வைசரின் ஓரத்தில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும் உள்ள ஒப்புதல் முத்திரையையும், பகலுக்கு மட்டும் என்ற குறியையும் தேடுங்கள். முத்திரையே இல்லையென்றால், எந்தச் சதவீதம் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.