தவம் மாமியின்ர மறிக்குட்டி

(நீர்வேலி வீட்டுக்காரர் குழு)

தவம் மாமி: செல்வன், குட்டியைக் கொண்டுவந்து விடு. தாய் விடியத் தொடக்கம் கத்துது
தவம் மாமி: (குரல் பதிவு 1:52)
ரதி: வேலையில நிக்கிறன் மாமி, கேக்கேலாது. என்ன?
கண்ணன்: மாமியின்ர ஆட்டைத் தன்ர கிடாய்க்கு விட்ட காசு வரேல்லையெண்டு செல்வன் அண்ணை அதின்ர மறிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டாராம்
ரதி: ஐயோ
செல்வன்: படலையாலதான் வந்தனான். மாமாவும் நிண்டவர்
தவம் மாமி: என்ர மனுசனுக்குக் காது கேக்குமே
செல்வன்: இரண்டு தரம் கிடாய்க்கு விட்டது. ஐஞ்சு மாசம் பொறுத்தாச்சு. ஒரு சதம் வரேல்லை
தவம் மாமி: முதல் தரம் சினை நிக்கேல்லை. 21 நாளில திரும்பக் கத்தினது. நிக்காட்டில் மறுதரம் சும்மா விடுறதுதானே வழக்கம்? கொப்பர் இருக்கேக்க அப்பிடித்தான்
செல்வன்: அப்பாவை இழுக்காதேங்கோ
ஹியூஸ்டன் பாலன்: எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச டெக்சாசில இதுக்கெண்டே சட்டம் இருக்கு, சொத்துச் சட்டக்கோவை 70.201. பொலிகுதிரை, ஆண் கழுதை, காளை, ஆண் பன்றி இதுகளைக் காசுக்கு விடுறவருக்கு, காசு வராட்டில் பிறக்கிற குட்டியில உரித்து வரும். தாயில இல்லை, குட்டியில மட்டும். பிறந்து 10 மாசம் வரைக்கும் அந்த உரித்து இருக்கும், ஆனா முதல் 5 மாசம் கேக்கேலாது. இன்ன வம்சமெண்டு பொய் சொல்லி விட்டிருந்தால் உரித்தே இல்லை
கண்ணன்: அதில கிடாய் இல்லையே
ஹியூஸ்டன் பாலன்: இல்லை
ரதி: நீர்வேலியும் டெக்சாசில இல்லை
கண்ணன்: வம்சமெண்டோடன ஞாபகம் வருது. அண்ணையின்ர கிடாய் ஜமுனாபாரி இனமோ? காது கட்டையெல்லோ
செல்வன்: (படம்)
செல்வன்: காதைப் பார். மூக்கு வளைவையும் பார்
லண்டன் சின்னமாமி: நல்ல வடிவு. பெரியக்காவின்ர அந்தியேட்டிக்கு ஆரார் போறியள்?
ரதி: ஞாயிறு, கீரிமலை. எல்லாரும்தான்
கோட்டு மாமா: செல்வன், இஞ்ச டெக்சாஸ் சட்டம் செல்லாது. இஞ்சத்தை உரோமன் டச்சுச் சட்டத்தில ஒருத்தற்ற பொருள் உன்ர கையில இருக்கேக்கதான் தடுத்துவைக்கிற கதை. மறியாடு உன்ர வளவில நிண்ட அண்டைக்கே காசைக் கேட்டிருக்கவேணும். அனுப்பினாப் பிறகு அது வெறும் கடன். அவவின்ர கொட்டிலில போய்த் தூக்கினா, பொலிசில களவெண்டு எழுதுவினம். கடனுக்கு மத்தியஸ்த சபை இருக்கு, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டம். அங்க சட்டத்தரணி வந்து பேசேலாது, நீங்கள் இரண்டுபேரும்தான் கதைக்கவேணும்
தவம் மாமி: பொலிசுக்குப் போகமாட்டன். குட்டி 12 நாள். குழை கடிக்கவும் தெரியாது
செல்வன்: போத்தலில பால் குடுக்கிறன்
தவம் மாமி: மாட்டுப்பாலோ? கழியப்போகுது
ரதி: அண்ணை, முதல் குட்டியை விடுங்கோ. தாய்க்கும் மடி கட்டிப்போடும்
செல்வன்: காசு?
தவம் மாமி: ஒரு தரத்துக் காசு தாறன். கதியாலை என்ர பக்கம் தள்ளி நட்டதுக்கு நீ என்ன தாறாய்?
கோட்டு மாமா: வேலிக்கதை இப்ப வேண்டாம்
செல்வன்: அப்ப மத்தியஸ்த சபைக்கே போவம்
கண்ணன்: நான் மோட்டச்சைக்கிள்ள வாறன். குட்டியைத் தாங்கோ அண்ணை, காசை மாமா சொல்லுற மாதிரிப் பாப்பம்
செல்வன்: பின்னேரம் வா
தவம் மாமி: இப்ப
லண்டன் சின்னமாமி: கீரிமலைக்கு வான் பிடிச்சாச்சோ?
செல்வன்: சொல்லியாச்சு. தவம் மாமிக்கு முன் சீட்
தவம் மாமி: குட்டி வராட்டில் நான் பஸ்ஸில போறன்