கலைச்சொல் விவாதம்: ‘ஒன்-பாட் பாஸ்தா’

பொருள்: ‘ஒன்-பாட் பாஸ்தா’ – தமிழ்ச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

சமையல் சொற்பட்டியலில் இதற்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. ‘ஒரு பானைப் பாஸ்தா’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது முறையைச் சொல்லவில்லை. நிறைய தண்ணீரில் பாஸ்தாவை வேகவைத்து, வடித்து, அதே பாத்திரத்தில் தக்காளிச் சாறு விட்டுக் கிளறினாலும் பானை ஒன்றுதானே? நாம் பெயர் தேடும் முறையில் வடிகட்டிக்கே வேலை இல்லை. காய்ந்த பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு, அளந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாக அடுப்பேறுகின்றன. பாஸ்தா தனக்கு வேண்டிய நீரைக் குடித்துக்கொள்கிறது. கொஞ்சம் ஆவியாகிறது. மிச்சம், பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்தால் கெட்டிப்பட்டுக் குழம்பாகிறது.

வடித்த சோறு, வடிக்காத சோறு என்ற பிரிவு நம் அடுக்களையில் ஏற்கெனவே உண்டு. அதையொட்டி ‘வடிக்காப் பாஸ்தா’ என்று முன்மொழிகிறேன்.

*

மறு: ‘ஒன்-பாட் பாஸ்தா’

> ‘வடிக்காப் பாஸ்தா’ என்று முன்மொழிகிறேன்

எதிர்மறையில் ஒரு பண்டத்துக்குப் பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ‘ஒருகலப் பாஸ்தா’ சுருக்கமாக இருக்கிறது. இல்லையென்றால் ‘ஓருலைப் பாஸ்தா’. உலை நம் சொல், சொல்வதற்கும் எளிது.

*

மறு: ‘ஒன்-பாட் பாஸ்தா’

ஐயா, ‘கலம்’ வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றால் உயிரணு. எங்கட பிள்ளைகள் ‘ஒருகலம்’ என்று வாசித்தால் உயிரியல் பாடத்துக்குத்தான் போவார்கள்.

உலையிலும் சிக்கல் இருக்கு. உலை என்றால் முதலில் தண்ணி கொதிக்க வேணும், பிறகுதான் அரிசி. இங்கே பச்சைத்தண்ணியிலேயே பாஸ்தாவைப் போடலாம். கோதுமை மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டின பிறகே வீங்கிக் குழையத் தொடங்கும், அதனால் முன்கூட்டியே தண்ணிக்குள் கிடப்பதால் பழுதில்லை. கவனம் வேண்டியது சூடேறிக் கொதிக்கத் தொடங்கும் வேளையில். பாஸ்தாவின் மேற்பரப்பு பசையாகும் நேரம் அது. அந்த இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியும் பிடிக்கும்.

*

மறு: ‘ஒன்-பாட் பாஸ்தா’

‘வடிக்கா’ என்பதற்கே என் வாக்கு. இந்த முறையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை வடிப்பதற்கான அளவுகளை இங்கே கொண்டுவருவதால் வருபவை. பெயரே எச்சரித்துவிட்டால் நல்லது.

இத்தாலிய வழக்கத்தில் 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நான்கு பேருக்கு 400 கிராம் என்றால் 4 லிட்டர், 40 கிராம். அந்த உப்பில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். வடிக்காத முறையில் போட்டது அத்தனையும் தட்டுக்கு வரும். 400 கிராமுக்கு 6 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி, போதும். கடைசியில் பார்மிஜானோ சீஸ் சேர்த்தால் அதன் உப்பும் உண்டு.

தண்ணீர்: 400 கிராம் பாஸ்தா, 350 கிராம் சிறு தக்காளி இவற்றுக்கு 1 லிட்டர். வெந்த பாஸ்தா காய்ந்த எடையைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வரும். ஆகவே அரை லிட்டர் பாஸ்தாவுக்குள்ளேயே போய்விடும். மிச்சத்தில் எவ்வளவு ஆவியாகும் என்பது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. முதலிலேயே அதிகம் ஊற்றாமல், 200 மில்லி வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஊற்றலாம். கூடிவிட்டால், அது வற்றுவதற்குள் பாஸ்தா குழைந்துவிடும். அடி கனத்த, அகலமான பாத்திரம் வேண்டும். நீளப் பாஸ்தா மடியாமல் படுக்க இடம் இருக்க வேண்டும். மூடாமல், நல்ல கொதியில், உறையில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒன்றிரண்டு நிமிடம் கூட வைத்துப் பாருங்கள். தக்காளிச் சாறு கெட்டியாக இருந்தால் பாஸ்தா நீரை மெதுவாகத்தான் இழுக்கும்.

பாஸ்தா ‘துரம்’ என்ற கடினவகைக் கோதுமையின் ரவையில் செய்ததாக இருப்பது முக்கியம். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 1967இன் 580ஆம் எண் சட்டம் வகுத்தது. அதன் புரத வலை மாவுச்சத்தை இறுகப் பிடித்துவைக்கும். சாதா கோதுமைப் பாஸ்தாவில் அந்தப் பிடிப்பு குறைவு, வடிக்காமல் செய்தால் களியாகிவிடும். முட்டை சேர்த்த ஈரப் பாஸ்தாவும் இதற்கு ஆகாது. இரண்டு மூன்று நிமிடத்தில் அது வெந்துவிடும், குழம்பு தண்ணீராகவே நிற்கும்.

*

மறு: ‘ஒன்-பாட் பாஸ்தா’

‘வடிக்கா’வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியர்களுக்கு இந்த முறை புதிதில்லை. நேப்பிள்ஸின் பாஸ்தா எ பத்தாத்தேயில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் ஒன்றாகவே வேகின்றன. பயறு சேர்த்த பாஸ்தா எ ஃபஜோலியும் அப்படித்தான். பயறை மட்டும் முன்பே வேகவைத்துவிட வேண்டும். தக்காளிப் புளிப்பில் போட்டால் அது மெத்தென்று வேகாது. பாரி நகரத்து ஸ்பகெத்தி அல்லஸ்ஸஸ்ஸீனாவில் பானையே கிடையாது. இரும்பு வாணலியில் பச்சை ஸ்பகெத்தியை எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளிச் சாற்றோடு இட்டு, நீர்த்த தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடி முறுகும்வரை விடுகிறார்கள். ‘ஓருலை’, ‘ஒரு பானை’ இரண்டிலும் இது அடங்காது, ‘வடிக்கா’வில் அடங்கும்.

இப்படிச் சிறிது சிறிதாக ஊற்றும் முறைக்கு, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வேகவைக்கும் இத்தாலிய அரிசி உணவான ரிசொத்தோவை வைத்து, ‘பாஸ்தா ரிசொத்தாத்தா’ என்றே பெயர். பட்டியலில் இதைத் துணைப்பதிவாக ‘ஊற்றிவேக்காடு’ என்றும், எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவதை ‘கூட்டுவேக்காடு’ என்றும் போடலாமா?

*

மறு: ‘ஒன்-பாட் பாஸ்தா’

‘ஓருலை’யை விட்டுவிடுகிறேன், வாணலிச் சான்று வலுவானது. ‘ஊற்றிவேக்காடு’ சரி. ‘கூட்டுவேக்காடு’ என்றால் கூட்டு, பொரியல் நினைவு வரும். ‘ஒருங்குவேக்காடு’ என்று வைப்போம்.

கடைசிப் படிக்கும் ஒரு சொல் வேண்டும். இத்தாலியில் ‘மாந்தெகாத்தூரா’ என்பார்கள்: அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெயோ வெண்ணெயோ சீஸோ சேர்த்து, வேகமாகக் கிளறிக் குழம்பைப் பால்மமாக்குவது. எண்ணெய் பிரியாமல் பிடித்துவைப்பது வடிக்காத மாவுநீர்தான். கொதிக்கும்போதே சீஸ் போட்டால் அதன் புரதம் திரண்டு நூல் நூலாகத் தனியே போய்விடும், அதனால் இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டே தூவ வேண்டும். ‘கடைதல்’ பொருந்தாது, கீரைபோல் மசிந்துவிடும் என்று பொருள்படும். ‘இழைத்தல்’ எப்படி? மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அதுவரை ‘வடிக்காப் பாஸ்தா’வை மட்டும் பட்டியலில் ஏற்றுகிறேன்.