பெரிய இலக்கு, மாறும் வழி: குளுவாங் தோட்டப்புறத்து அனுபவங்கள்

பகிர்வு 1: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, குளுவாங்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், நம் குழுவில் இந்தப் பகிர்வை நான் தொடங்கி வைக்கிறேன். பெற்றோர் தம் பிள்ளைகளின் ஆசையைச் சிறிதாக்குவது பெரும்பாலும் அக்கறையினால்தான் என்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை ரப்பர் பால் வெட்டியோ, எண்ணெய் தரும் செம்பனையின் குலை வெட்டியோ திரும்பும் ஒரு தகப்பனுக்கு, தன் மகன் எட்டாத ஒன்றுக்கு ஆசைப்பட்டு மனம் உடைந்து நிற்பதைப் பார்க்கும் தெம்பு இருப்பதில்லை. ஆகவே, "கிராணி வேலை கிடைத்தால் போதும், ஏதாவது ஃபேக்டரியில் சேர்ந்தால் போதும்" என்று சொல்லிவிடுகிறார். பத்து வயதில் காதில் விழும் அந்தப் "போதும்" பிள்ளையின் மனத்தில் வெகுகாலம் தங்கிவிடுகிறது.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அங்கே கால் பதித்த முதல் மலேசியர்கள் ஆனார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் நாளிதழை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். மலையின் உயரத்தைவிட, அந்தப் பெயர்கள் தங்கள் வீட்டில் அழைக்கப்படும் பெயர்களைப் போல இருந்ததுதான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை உலுக்கியது. அன்று ஒவ்வொருவரையும் ஓர் இலக்கை எழுதச் சொன்னேன். பிறகு வந்த வகுப்புகளிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் இலக்கு ஒரே வரியில் இருக்கும். வலப்பக்கத்தில், "இதைப் பற்றி யாரிடம் கேட்டேன், என்ன புதிதாகத் தெரிந்துகொண்டேன்" என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டே வர வேண்டும்.

வலப்பக்கம் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. இலக்குகளைப் பற்றி ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரின் முடிவுகளைப் பின்னாளில் படித்தபோது, அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது. "உன்னால் முடிந்ததைச் செய்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கடினமான, திட்டவட்டமான இலக்கைக் கொடுத்தால் மனிதர் அதிகம் சாதிக்கிறார்கள் என்பது அவர்களுடைய அடிப்படை முடிவு. லேதம் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், 94 விழுக்காடு என்ற இலக்கு தரப்பட்ட பிறகு 90 விழுக்காட்டை எட்டி, மாதக்கணக்கில் அந்த அளவிலேயே நின்றார்கள். குலை லாரி ஓட்டும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, அவர்கள் வீட்டுக்குப் போய் எடைக்கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் அதே ஆய்வாளர்களின் பிற்கால வேலையில் இன்னொரு முடிவும் உண்டு. என் அனுபவத்தில் அதுவே முக்கியமானது. லாரியில் மரம் ஏற்றுவது அந்த ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வேலை. செய்யும் முறையே இன்னும் தெரியாத, சிக்கலான ஒரு வேலையில், விளைவை மட்டும் பெரிதாகக் குறித்துக் கொடுத்தால் மனிதர் பதற்றப்பட்டு, கையில் கிடைத்த முதல் வழியையே பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு, "இத்தனை வழிகளைக் கண்டறிந்து செய்து பார்ப்பேன்" என்ற கற்றல் இலக்கே கூடுதல் பலன் தருகிறது. நம் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமோ விமானத்துறையோ வீட்டில் யாரும் போய்ப் பார்க்காத பாதை. அவளிடம் துணிச்சலை மட்டும் வளர்த்துவிட்டு, கேட்டறியும் பழக்கத்தைக் கொடுக்காமல் அனுப்புவது நியாயமாகாது.

ஒரு மாணவி இடப்பக்கத்தில், "விமானத்தைப் பழுதுபார்ப்பேன்" என்று எழுதியிருந்தாள். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லாரும், "சரி, விடும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்தப் பழைய நோட்டோடு என்னைப் பார்க்க வந்தாள். வலப்பக்கம் நிரம்பி, அட்டையின் உட்புறம்வரை எழுதியிருந்தாள். பேருந்து நிலையத்தில் பார்த்த ஒரு விமானப்படை வீரரிடம் கேட்டது, நூலகத்தில் படித்தது, அண்ணன் வேலை செய்யும் மோட்டார் பட்டறை முதலாளி சொன்னது என எல்லாம் தேதியோடு இருந்தன. ஆனால் பொலிடெக்னிக் என்ற சொல்லின் மேல் அடித்துவிட்டு, "இது வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். சிலாங்கூரில் உள்ள பந்திங் பொலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பையே சிறப்புத் துறையாகக் கற்பிக்கிறார்கள் என்று நான் சொன்னேன். பொலிடெக்னிக் என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று யாரோ அவள் மனத்தில் விதைத்திருந்தார்கள். அன்று மாலை முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம். மீதியை அவளே எழுதினால் நன்றாக இருக்கும். அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள்.

பகிர்வு 2: செம்பனைத் தோட்ட வெளிக்காட்டு மேற்பார்வையாளர், ரெங்கம்

டீச்சர் எழுதியதைப் படித்ததும், எங்கள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியைச் சந்தித்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய ஆள்களிடம் விசாரித்துக் காட்டைத் தெரிந்துகொள் என்று வேலையாள்களை மேய்க்கும் என் மண்டோர் சொன்னதால் அவரைப் பார்க்கப் போனேன். அவர் உள்ளே போய், ரப்பர் உருண்டையும் மெல்லிய குழாயும் பொருத்திய ஒரு சிறு ஊதுகருவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உருண்டை காய்ந்து வெடித்திருந்தது. குழாயின் வாயில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, அப்பவெல்லாம் மரத்துக்கு நாங்கதான் பூச்சி" என்றார்.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வந்தாலும், அவை வெவ்வேறு காலத்தில் பூக்கின்றன. ஆகையால் பெண் தொழிலாளர்கள் ஆண் பூங்கொத்தை வெட்டி வந்து, மகரந்தத்தை உலர்த்திச் சலித்து, டால்கம் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டியிருந்தது. பூ விரியும் நாளைத் தவறவிட்டால் அந்தக் குலை சரியாகக் காய்க்காது. எனவே சில நாள்களுக்கு ஒருமுறை அதே வரிசையைச் சுற்றி வர வேண்டும். மட்டையின் முள்ளுக்கு நடுவே கையை விட்டு ஊதியதில் முழங்கைவரை கீறல் விழுந்த தழும்புகளை அவர் எனக்குக் காட்டினார்.

நம் நாட்டில் வணிக அளவில் செம்பனை முதன்முதலாக 1917இல், சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. அதிலிருந்து கணக்கிட்டால், செம்பனையின் மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்ற எண்ணம் அறுபது ஆண்டுகளாகப் பெரிதாகக் கேள்வி கேட்கப்படாமல் இருந்திருக்கிறது. யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட அதிகாரியான லெஸ்லி டேவிட்சன், செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில், கமரூனில் வேலை செய்தபோது, அங்கே யாரும் ஊதாமலேயே குலைகள் நிறையக் காய்ப்பதையும், பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்தார். பூச்சியியல் ஆய்வாளர் ஆர். ஏ. சையத் அதை முறைப்படி ஆராய்ந்து, வேலை செய்வது காற்றல்ல, ஒரு வகைக் கூன்வண்டு என்று நிறுவினார். மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்த பிறகே அது இங்குக் கொண்டுவரப்பட்டு, 1981இல் இந்தக் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் திறந்துவிடப்பட்டது. இன்றும் ஆண் பூ விரிந்திருக்கும் மரத்தின் அடியில் நின்றால் சோம்பு வாசனை வரும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வருகிறது. அது முட்டையிட்டுப் பெருகுவதும் அந்த ஆண் பூவிலேதான்.

இந்தக் கதையை விவசாயப் பயிற்சிகளில் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். பாட்டி வேறு விதமாகச் சொன்னார். வண்டு வந்தது, விளைச்சல் கூடியது, ஊதுகிற வேலை நின்றது, அந்தக் கூலியும் நின்றது. அவரும் கூட வேலை செய்த பெண்களும் உதிரிப்பழம் பொறுக்கவும் உரம் போடவும் போனார்கள். புதிய யோசனையை வரவேற்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், அதனால் யாருடைய கூலி போகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவருடைய இலக்கு சொந்த வீடு. வேலை முடிந்ததும் காலி செய்ய வேண்டிய லயத்து வீட்டிலேயே, அதாவது தோட்டத்தின் வரிசை வீட்டிலேயே, பிறந்து வளர்ந்தவருக்கு, டவுனில் தன் பெயரில் ஒரு வீடு என்பது எவ்வளவு துணிச்சலான எண்ணம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். கூட்டுப் பிடித்து, அதாவது பலர் சேர்ந்து சீட்டுப் போட்டுப் பணம் சேர்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. ஊதுகிற கூலி நின்றபோது அந்தக் கூட்டும் தடைபட்டது. வேறு ஒருவராக இருந்தால் வீட்டு ஆசையையே விட்டிருப்பார். இவரோ ஆபீஸில் புதிதாக வந்திருந்த சின்னப் பையன் ஒருவனிடம், தன் மகன் வயதுதான் இருக்கும் என்று தயங்காமல், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். வீடு வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்பதையும், கணவனும் மனைவியும் சேர்ந்து வங்கிக் கடனுக்கு மனுச் செய்யலாம் என்பதையும் அவன் விளக்கினான். கடன் என்றாலே பயந்த கணவரைச் சம்மதிக்க வைக்க வெகுகாலம் ஆனது என்றார். நான் அவரைச் சந்தித்ததே அந்த வீட்டின் முன்னறையில்தான்.

இப்போது எங்கள் காட்டில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களே வேலை செய்கிறார்கள். உதிரிப்பழம் மண்ணில் சிதறி வீணாவதைக் குறைக்க வேண்டும் என்று நான் ஓர் இலக்கு வைத்திருந்தேன். குலையை வெட்டுமுன் மரத்தடியில் பழைய உரச்சாக்குகளைப் பிரித்து விரித்துவைக்கலாமே என்று சொன்னவர், வந்து சில மாதங்களே ஆன ஒரு வங்காளதேசத்து இளைஞர். அரைகுறை மலாயில், கையால் காட்டித்தான் சொன்னார். சரிவான காட்டில் அது நன்றாகவே பயன்படுகிறது.

பகிர்வு 3: சிறு வணிகர், குளுவாங்

தனி மனிதரின் இலக்கைப் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். என் தந்தை சொன்ன ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறி, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு விடையாகத்தான், அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்களே பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அந்நாளில் அதைக் கேட்டு நம்பாதவர்களே அதிகம் என்பார் என் தந்தை. துரையின் பங்களாவுக்குள் செருப்போடு நுழையத் தயங்கியவர்களிடம், நீங்களே முதலாளி ஆகலாம் என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? மறு ஆண்டே சங்கம் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

என் தந்தை பங்கு எடுத்தது ஆர்வத்தினால் அன்று. கங்காணி ஒருவர் கூட்டுறவு என்றால் என்னவென்று இரவில் லயத்து வாசலில் உட்கார்ந்து விளக்கினார். இவர் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பணம் தொலைந்தால் யார் பொறுப்பு, கணக்கை யார் பார்ப்பது, விலகினால் திரும்பக் கிடைக்குமா என்பன அந்தக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பத்து வெள்ளியைக் கொடுத்தார். திறந்த மனம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது அந்த இரவில் அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான். வந்த யோசனையை அவர் விரட்டவும் இல்லை, கேள்வி கேட்காமல் ஏற்கவும் இல்லை.

பகிர்வு 4: விமானப் பராமரிப்புத் துறையில் பணிபுரிபவர்

டீச்சர், வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட மாணவி நான்தான்.

பொலிடெக்னிக் என்ற சொல்லை நான் அடித்ததற்கு, மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் காரணமில்லை. இலக்கைப் பெரிதாக வைத்த பிறகு வேறு வாசல் வழியாகப் போவது தோற்றுப்போவதற்குச் சமம் என்று அன்று நம்பினேன். அந்த மாலையில் நீங்கள் இடப்பக்கத்தைக் காட்டி, "இதில் மெட்ரிகுலேஷன் என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். எழுதியிருக்கவில்லை. விமானத்தைப் பழுதுபார்ப்பேன் என்றுதான் எழுதியிருந்தேன். பந்திங்குக்குப் போக அப்பாவைச் சம்மதிக்க வைத்ததும் அந்த ஒரு கேள்விதான்.

பயிற்சியில் முதலில் கற்றது, முக்கியமான வேலைகளை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது. நான் எவ்வளவு தேர்ந்தவளாக இருந்தாலும், என் கண்ணுக்குத் தப்பியதை வேறு கண் பார்க்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் வேலையே நடக்கிறது. இப்போது உரிமம் பெற்ற பொறியாளர் ஆவதற்கான தேர்வுகளைப் பகுதி பகுதியாக எழுதி வருகிறேன். மின்னணுவியல் பாடம் எனக்குக் கடினமாக இருக்கிறது. என்னைவிட இளையவர் ஒருவர், வரைபடத்தை முதலில் வெறுங்கையால் வரைந்து பார்த்துவிட்டுப் படிக்கச் சொன்னார். அப்படியே செய்து வருகிறேன்.

அடுத்த பள்ளி விடுமுறை தொடங்குமுன் குளுவாங்குக்கு வருகிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சந்திக்க உங்கள் பழைய பள்ளியில் அனுமதி கேட்டுத் தர முடியுமா, டீச்சர்? அவர்கள் என்னிடம் கேட்க விரும்புவதை முன்கூட்டியே எழுதி அனுப்பட்டும். எனக்கு விடை தெரியாதவற்றை எங்கள் பட்டறையில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.