மீட்டர்படி மைலேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு நடைக்கு 60 லிட்டர் டீசல் கூடுதலாகப் போகிறது: உதவி தேவை

சங்ககிரி ஒற்றை லாரி

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிரெய்லர் லாரி. முன்னால் இரண்டு ஆக்சில் இழுவை வண்டி, பின்னால் மூன்று ஆக்சில் நாற்பதடி டிரெய்லர். ஓசூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு பழைய வண்டியாக வாங்கியது.

என் மைத்துனரிடமும் அதே மாடல், அதே ஆண்டு, அதே அளவு டயர் போட்ட வண்டி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வண்டிகளும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே எடையை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. போய்த் திரும்ப அவருக்கு 345 லிட்டர் டீசல் ஆகிறது. எனக்கு 405. எட்டு மாதமாக இதே கதைதான்.

குழப்பம் இங்கேதான். அவருடைய மீட்டரில் ஒரு நடைக்கு 1,070 கிலோமீட்டர் ஓடுகிறது. என் மீட்டரில் 1,245. வகுத்துப் பார்த்தால் அவருக்கு லிட்டருக்கு 3.10, எனக்கு 3.07. மைலேஜில் வித்தியாசமே இல்லை. அப்படியானால் வண்டியில் குறை இல்லை, எங்கோ 175 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது என்றுதானே கணக்கு சொல்கிறது? வண்டி வந்து சேர்வதும் மூன்று மணி நேரம் தாமதமாகிறது.

ஓட்டுநர் ஒன்பது ஆண்டுகளாக என்னோடு இருப்பவர். பழைய வண்டியை ஓட்டியபோது ஒரு லிட்டர் கணக்குகூடத் தவறியதில்லை. போன வாரம் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு நடை நீங்களே கூட வாருங்கள் முதலாளி" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்ஜெக்டர் பார்த்தாயிற்று, ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. டேங்கில் கசிவு இல்லை. வேறு எதைப் பார்ப்பது?

கரூர் ஓட்டுநர், 22 ஆண்டு

ஓட்டுநரைச் சந்தேகிப்பதற்கு முன்பு ஃபாஸ்டேக் கணக்கை எடுங்கள் ஐயா. எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தார் என்பது அதில் நிமிடக் கணக்கில் இருக்கிறது. 175 கிலோமீட்டர் வழிமாறிப் போயிருந்தால், ஏதோ இரண்டு சாவடிகளுக்கு நடுவில் மூன்று நான்கு மணி நேரம் காணாமல் போயிருக்க வேண்டும். மைத்துனர் வண்டியின் கணக்கையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. டாப் கியரில், சமதளத்தில், 55 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வண்டிகளிலும் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று காட்டுகிறது?

ஓசூர் கண்டெய்னர்

கேபின் கூரைமேல் காற்றுத் தடுப்பான் இருக்கிறதா? நாற்பதடிக் கண்டெய்னர் காற்றுக்கு ஒரு சுவர் மாதிரி நிற்கும். எனக்குத் தெரிந்த வண்டியில் அதைப் போட்ட பிறகு டீசல் குறைந்தது.

சங்ககிரி ஒற்றை லாரி

காற்றுத் தடுப்பான் இரண்டு வண்டியிலும் இல்லை. சுற்றும் பார்த்தேன்: 55இல் என் வண்டி 1,680, மைத்துனர் வண்டியும் 1,680. அதனால் கியர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்லிவிட்டார்.

ஃபாஸ்டேக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எங்கும் நேரம் காணாமல் போகவில்லை. ஆனால் விசித்திரமாக ஒன்று இருக்கிறது. வண்டி நிற்காமல் ஓடிய ஓர் இடைவெளியை மைத்துனர் வண்டி 70 நிமிடத்தில் கடந்திருக்கிறது, என் வண்டி 82 நிமிடத்தில். அடுத்த இடைவெளி 48, 56. அதற்கடுத்ததும் அதே மாதிரிதான். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம். ஓட்டுநரைக் கேட்டால், "55இல்தான் போகிறேன், மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்" என்கிறார்.

நாமக்கல் பட்டறை

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, உங்கள் ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. உங்கள் மீட்டர்தான் பொய் சொல்கிறது.

70க்கு 82, 48க்கு 56. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.17 வரும். 1,245ஐ 1,070ஆல் வகுத்தாலும் அதற்குப் பக்கத்திலேயே வரும். எல்லாக் கணக்கிலும் ஒரே எண் வந்தால் அது மனிதன் செய்த திருட்டாக இருக்காது, பல்சக்கரத்தின் வேலையாகத்தான் இருக்கும்.

பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். அதில் 41/7 என்றும் 41/6 என்றும் இரண்டு வகை நம் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. கிரவுனில் 41 பல், பினியனில் 7 அல்லது 6. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் முதலாவதில் 5.86 தடவை, இரண்டாவதில் 6.83 தடவை சுற்ற வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.167. உங்கள் எண் அதுதான்.

நடந்தது இப்படி இருக்கும் என்பது என் கணிப்பு. வண்டி வெளிவரும்போது 41/7. முந்தைய உரிமையாளர் கனமான சரக்கை ஏற்றம் உள்ள பாதையில் இழுத்திருப்பார், 41/6 மாற்றியிருப்பார். உங்கள் வண்டியில் மீட்டருக்கான சென்சார் கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வெளியேறும் பக்கத்தில் இருக்கும். சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணி, பழைய விகிதப்படி கிலோமீட்டராக மாற்றிக் காட்டும். அதனால்தான் மீட்டர் 55 காட்டும்போது இரண்டு வண்டியிலும் சுற்று ஒன்றாகவே வருகிறது. உங்கள் மெக்கானிக் ஏமாந்தது அங்கேதான். மீட்டர் 55 காட்டும்போது உங்கள் வண்டி உண்மையில் போவது 47.

மீட்டரை வைத்து மீட்டரைச் சோதிக்க முடியாது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணுங்கள். பத்துக் கல் கடக்கும்போது மீட்டர் 11.7 காட்டினால் என் கணிப்பு சரி.

அதற்கப்புறம் வண்டியை நிறுத்தி நேரிலும் பார்த்துவிடுங்கள். சமதளத்தில், டிரெய்லரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கட்டை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது, ஏனென்றால் பின்சக்கரம் சுற்ற வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை எடுத்தாக வேண்டும். நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் உறுதியான தாங்கியும் வையுங்கள். ஷாஃப்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள், டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் இரு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் வழியாகப் பாதிச் சுற்றுதான் கணக்கில் வரும், அதனால்தான் இரண்டு சுற்று. ஷாஃப்ட் ஆறு சுற்றுக்கு மேல் ஓடி ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 41/6. ஆறையே எட்டாமல் நின்றால் 41/7.

சங்ககிரி ஒற்றை லாரி

ஐயா, பத்துக் கல்லுக்கு மீட்டர் 11.7 காட்டியது. ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எண்ணினார், நான் குறித்துக்கொண்டேன். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம். சுண்ணாம்புக் கோடு ஆறு முறை கீழே வந்து போனது. ஏழாவது முறை கீழே வருவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது டயரின் கோடு இடத்துக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வண்டியை விற்றவர் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் கல் ஏற்றியவர் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தொப்பூர் ஏற்றத்தில் பழைய வண்டியைவிட ஒரு கியர் மேலே வைத்தே ஏறுகிறது என்று ஓட்டுநர் முதல் மாதமே சொன்னார். நல்ல என்ஜின் என்று நினைத்து மகிழ்ந்துவிட்டேன்.

41/7 மாற்றினால் 60 லிட்டரும் மிச்சமாகுமா?

நாமக்கல் பட்டறை

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமடையக் கூடாது.

உங்கள் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 312 தடவை சுற்றும். டாப் கியர் நேர் விகிதம் என்பதால் 41/7இல் என்ஜின் 1,830 தடவை சுற்றும், 41/6இல் 2,135 தடவை. கிலோமீட்டருக்கு 300 சுற்று அதிகம். ஒரு நடைக்கு மூன்று லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உரசலுக்கும், பம்புகளுக்கும், விசிறிக்கும் கொஞ்சம் டீசல் போகிறது. அது வீண்தான். ஆனால் லோடை இழுக்கத் தேவையான வேலை எந்த விகிதத்திலும் அதேதான். சுற்று 17 சதவீதம் கூடினால் டீசலும் 17 சதவீதம் கூடும் என்று கணக்குப் போடக் கூடாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். மீதி டீசலை வேறு ஏதோ தின்கிறது. உங்கள் இரண்டு மைலேஜும் 3.1 பக்கம் ஒத்து வந்தது தற்செயல்தான்.

டிரெய்லரைப் பார்த்தீர்களா? எல்லோரும் என்ஜினைப் பிரிக்கிறார்கள். பின்னால் உருளும் பன்னிரண்டு டயரை யாரும் பார்ப்பதில்லை.

திருச்செங்கோடு டயர் கடை

பட்டறை அண்ணன் சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். டிரெய்லர் டயர்களின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் இருந்தால், அந்த ஆக்சில் நேராக ஓடவில்லை, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு வருகிறது.

அளக்கவும் செய்யலாம். டிரெய்லரை இழுவை வண்டியோடு பூட்டும் கிங் பின்னின் நடுவிலிருந்து முதல் டிரெய்லர் ஆக்சிலின் இடது முனை வரை ஓர் அளவு, வலது முனை வரை ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. துணி டேப் நீளும், இரும்பு டேப்பால் அளந்து பாருங்கள். பிறகு முதல் ஆக்சிலுக்கும் இரண்டாவதற்கும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் பாருங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். இரட்டை டயரில் உள்டயரை விட்டுவிட வேண்டாம், காற்று குறைந்து கிடப்பது பெரும்பாலும் அதுதான்.

கரூர் ஓட்டுநர், 22 ஆண்டு

பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறதா என்றும் பாருங்கள். இருபது கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக உருட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், அனலே சொல்லிவிடும். ஆறில் ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடுபடவில்லை.

சங்ககிரி ஒற்றை லாரி

எல்லாவற்றையும் செய்தேன். முதல் ஆக்சிலில் இடது பக்கம் 19 மில்லிமீட்டர் கூடுதல். ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் டார்க் ஆர்மின் புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, ஆக்சில் பின்னுக்குத் தள்ளி நிற்கிறது. டயரைத் தடவினால் ரம்பம்தான், ஒரு தடவைக்கு மேல் தடவ முடியவில்லை. மூன்றாவது ஆக்சிலின் வலது டிரம் கொதித்தது. பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றிருந்தது. இரண்டு உள்டயர்களில் காற்று பாதிக்குக் கொஞ்சம் மேல்.

புஷ் மாற்றி, ஆக்சிலை நேராக்கி, அட்ஜஸ்டரைப் புதிதாகப் போட்டோம். கிரவுன் பினியனை இன்னும் தொடவில்லை. இந்த நடைக்கு 376 லிட்டர். டிரெய்லரில் மட்டும் 29 லிட்டர் குறைந்திருக்கிறது.

ஓசூர் நண்பர் சொன்ன காற்றுத் தடுப்பானையும் போடலாமா?

நாமக்கல் பட்டறை

காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80இல் ஓடும் வண்டிக்கு அது நல்ல முதலீடு. நீங்கள் 55இல் ஓடுகிறீர்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேபினுக்கும் கண்டெய்னருக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருந்தால் டிரெய்லர் வந்து உட்காரும் ஃபிஃப்த் வீலை முன்னுக்கு நகர்த்தலாம் என்பார்கள். அப்படி நகர்த்தினால் முன் ஆக்சிலில் எடை கூடும். அதற்கு 7 டன்தான் வரம்பு, எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

முதலில் 41/7 போடுங்கள். இதே மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஜோடியாக இருக்க வேண்டும். கிரவுனும் பினியனும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தி வருபவை. ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஊளையிடும். பல் இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் அளந்து வைக்கத் தெரிந்த கையிடம் மட்டும் கொடுங்கள்.

மாற்றிய பிறகு மீட்டர் தானாகவே சரியாகிவிடும். இருந்தாலும் கல்லை எண்ணிச் சோதியுங்கள். இடையில் யாராவது மீட்டரை 41/6க்குத் திருத்தியிருந்தால் அது தலைகீழாகப் பொய் சொல்லும், 80இல் நிறுத்த வேண்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 93 வரை விட்டுவிடும். அது டீசல் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

கிருஷ்ணகிரி கல் வண்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியும் 41/6தான். நானும் 41/7க்கு மாறலாமா? குவாரியிலிருந்து நெடுஞ்சாலை வரை பதினெட்டுக் கிலோமீட்டர் மண் பாதை, ஏற்றம் அதிகம்.

நாமக்கல் பட்டறை

உங்களுக்கு வேண்டாம் அண்ணா. 41/7இல் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏழில் ஒரு பங்கு குறையும். மண் ஏற்றத்தில் லோடோடு நின்று கிளம்பும்போது கிளட்சைத்தான் எரிப்பீர்கள். அங்கே 41/6 குறையே அல்ல, அந்த வேலைக்கு அதுதான் சரி.

சங்ககிரி ஒற்றை லாரி

மாற்றியாயிற்று. பழைய பினியனை வெளியே எடுத்துக் கழுவியதும் பல்லை எண்ணினோம், ஆறு. முதல் நடை நேற்று முடிந்தது. பத்துக் கல்லுக்கு மீட்டர் சரியாகப் பத்து. மொத்தம் 1,072 கிலோமீட்டர், 351 லிட்டர். தொப்பூரில் ஒரு கியர் கீழே இறக்கித்தான் ஏற வேண்டியிருந்தது, ஆனாலும் வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

பங்க்கில் டேங்கை நிரப்பியதும் ஓட்டுநர் நோட்டில் இரண்டு எண்களையும் எழுதி என்னிடம் நீட்டினார். நான் பார்க்காமலேயே கையெழுத்துப் போடப் போனேன். "இல்லை முதலாளி, பார்த்துவிட்டுப் போடுங்கள்" என்றார். பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.